ஸ்டார்ட் என்று எழுதியவர்

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், தந்தி ஆபீஸ் சுவரை ஒட்டி ஒரு மேசை. அதற்கு எதிரே ஒரு பெஞ்சு. மேசைக்குப் பின்னால் வைகுண்டராஜ். எண்பதுகளில் அந்தப் பக்கம் போய்வந்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. மனுவும் எழுதுவார், விண்ணப்பமும் எழுதுவார். ஆனால் ஊருக்கு அவர் தந்தி அண்ணாச்சிதான். இங்கிலீஷ் தெரியாத சனங்களுக்காக அவர் எழுதித் தருகிற நாலு சொல்தான் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போய்ச் சேரும்.

அவருக்கே இங்கிலீஷ் பெரிதாக வந்துவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் கடைசிப் பரீட்சையில் தோற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த டைப்ரைட்டிங் கிளாசில் கொஞ்சம் விரல் பழகினார், அவ்வளவுதான். தினமும் காலையில் அங்கிருந்து பஸ் ஏறி ராஜபாளையம் வந்து மேசையை விரிப்பார். மேசை டிராயரில் அட்டை கிழிந்த அகராதி ஒன்று கிடக்கும். தெரிந்த கொஞ்சம் சொல்லிலும் அவருக்கு மிகவும் பிடித்த சொல் ஒன்று இருந்தது: ஸ்டார்ட்.

அந்தச் சொல் இங்கே யார் வாயில்தான் இல்லை? மில்லில் மிஷினை ஸ்டார்ட் பண்ணுவார்கள். தோட்டத்துப் பம்புசெட் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அன்றைக்குச் சம்சாரியிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. பெண் பார்க்கப் போன இடத்தில் பேச்சை ஸ்டார்ட் பண்ணி வைக்க ஒரு பெரிய மனுஷர் வேண்டும். வைகுண்டராஜின் அகராதியில் அதற்கு மூன்று அர்த்தம் போட்டிருந்தது. தொடங்கு, புறப்படு, திடுக்கிடு. முதல் இரண்டும் அவருக்குப் பழக்கம். மூன்றாவதற்கு என்ன வேலை என்று அவருக்குப் புரிந்ததே இல்லை.

தந்தியில் ஏறிவிட்டால் மட்டும் அந்தச் சொல்லுக்கு முகம் மாறிவிடும். சாவைச் சாவு என்று தந்தியில் எழுதுவது நம் பக்கத்தில் வழக்கமில்லை. இங்கே ஆளைக் குளிப்பாட்டி நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். தந்தியில் அவர் சீரியஸாக இருப்பார். ‘ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி.’ ரயிலில் தனியாக வருகிறவன் வழியில் மனம் உடைந்து எதையாவது செய்துகொள்ளக் கூடாதே என்ற கரிசனம். கரிசனம் சரி, ஆனால் யாரை ஏமாற்ற முடிந்தது? வெறும் நோய் என்றால் ‘கம் சூன்’ என்று வரும். ஸ்டார்ட் என்று வந்தால் ஆள் போய்விட்டது என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வெளியூரிலிருந்து வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவனின் கையைப் பார்த்தே அவனுக்கு எந்தத் தந்தி போனது என்று சொல்லிவிடலாம். கம் கிடைத்தவன் ஆரஞ்சுப் பழம் வாங்குவான். ஸ்டார்ட் கிடைத்தவன் மாலை வாங்குவான்.

“நான் ஸ்டார்ட் போட்டு வராத ஆளு இருக்கா?” என்று டீக்கடையில் வைகுண்டராஜ் பெருமை அடித்துக்கொள்வார். நினைத்துப் பார்த்தால் சகிக்க முடியாத பெருமைதான். ஊரையெல்லாம் புறப்படு புறப்படு என்று விரட்டிய அந்த மனிதர் மதுரைக்கு அந்தப் பக்கம் போனதில்லை என்பது வேறு விஷயம்.

எண்பத்து நாலாம் வருஷத்து வெயில் காலம். தேவதானத்திலிருந்து பெத்தம்மாள் என்று ஒருத்தி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். புருஷன் மாரிச்சாமி படுத்த படுக்கையாகிவிட்டார். கஞ்சி இறங்கவில்லை. பம்பாயில் இருக்கிற ஒரே மகன் மலைச்சாமியைப் பார்க்க வேண்டும் என்று வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார்.

“கம் சூன்னு போட்டுருவோம்மா” என்றார் வைகுண்டராஜ்.

“அது வேண்டாம் அண்ணாச்சி. போன பொங்கலுக்கும் அதத்தான் போட்டு விட்டோம். யாவாரத்த விட்டுட்டு வர முடியாதுன்னு கடுதாசி வந்துச்சு. அவன் ஒடனே கெளம்புற மாதிரி ஒரு சொல்லு இருக்காமே, அதப் போடுங்க.”

“அது வேற மாதிரி எடுத்துக்கிடுவாங்கம்மா.”

“எப்படியும் எடுத்துக்கிடட்டும். வந்து பாத்தாத் தெரிஞ்சிரும்லா. அவரு கண்ணு மூடுறதுக்குள்ள புள்ள மொகத்தக் காட்டிரணும். அம்புட்டுதான் எனக்கு வேணும்.”

வைகுண்டராஜ் பேனாவைச் செத்த நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். அடுத்த ஆள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். பெத்தம்மாள் மூக்கைச் சிந்தினாள். தன் ஸ்டார்ட்டுக்கு வராத ஆளில்லை என்ற அந்தப் பாழாய்ப்போன பெருமையும் உள்ளுக்குள் லேசாகத் தலை நீட்டியது. எழுதிக் கொடுத்துவிட்டார்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ பெத்தம்மாள் கடைவீதிக்கு வந்தவள் சிரித்துக்கொண்டே மேசைப் பக்கம் வந்தாள். “தந்தி குடுத்தாச்சு, புள்ள கெளம்பிருப்பான்னு காதுல சொன்னேன் அண்ணாச்சி. எந்திரிச்சு ஒக்காந்துட்டாரு. இட்லி கேக்காரு. அம்பட்டையனக் கூப்பிட்டு மொகம் மழிச்சாச்சு. கட்டில வாசலுக்குப் போடச் சொல்லி ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்காரு.”

“அப்பம் இன்னொரு தந்தி குடுத்துருவோமா? சொகமாயிட்டாருன்னு?”

“ஐயோ, பொறவு அவன் வர மாட்டான். சும்மா இருங்க.”

அவர் சும்மா இருந்தார்.

மலைச்சாமி வந்த அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். பூக்கடை வைகுண்டராஜின் மேசைக்கு அடுத்தது. மொட்டைத் தலையோடு ஒரு இளவட்டம் வந்து பெரிய மாலையாகப் பார்த்து எடுத்தான். தலை புதிதாக மழித்தது, வெயிலில் பளபளத்தது. பூக்காரர் நூலைச் சுற்றிக்கொண்டே வழக்கம்போலக் கேட்டார்.

“யாருப்பா தவறிட்டாக?”

“எங்க அய்யா. தேவதானம் மாரிச்சாமி. எடுத்திருப்பாங்க, நான் பம்பாய்ல இருந்து வாரதுக்குள்ள. அங்கனயே மாகிம் கடல்ல முடிய எறக்கி, சோறும் வச்சுட்டேன். இந்த மாலைய அவர வச்ச எடத்துலயாவது போடணும்.”

வைகுண்டராஜுக்கு உடம்பு ஒரு தரம் தூக்கிப்போட்டது. அகராதியில் இருந்த மூன்றாவது அர்த்தம் அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும். ‘தம்பி, ஒங்க அய்யா உயிரோட இருக்காரு. மாலைய இங்கனயே போட்டுட்டுத் தலைல ஒரு துண்டக் கட்டு’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பாதி எழுந்தும் விட்டார். எந்த முகத்தோடு சொல்வது? அப்பனைக் கொன்றது என் பேனாதான் என்று இத்தனை பேர் நடுவிலா? போய்ப் பார்த்தால் சந்தோஷப்படத்தானே போகிறான் என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார். தேவதானம் பஸ் உறுமியது, மொட்டைத் தலை உள்ளே ஏறியது, பஸ் போய்விட்டது. வைகுண்டராஜ் பாதி எழுந்தபடியே நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து, சந்தை நாளில், மெலிந்த உயரமான கிழவர் ஒருவர் வந்து எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். முகம் சுத்தமாக மழித்திருந்தது. எழுத வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் அசையவில்லை.

“ஒங்களுக்கு என்ன எழுதணும்?”

“என்னத் தெரியலையா அண்ணாச்சி? நீங்க எழுதிக் கொன்ன ஆளு நான்தான். மாரிச்சாமி.”

கோபமே இல்லாத குரல். அதுதான் பயமாக இருந்தது. மாரிச்சாமி மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார்.

“வாசல்ல ஒக்காந்திருந்தேன். பஸ்ஸ விட்டு எறங்கி வருதான். மொதல்ல எனக்கு அடையாளம் தெரியல. யாரோ பெரிய காரியத்துக்குப் போறவன்னு நெனச்சேன். கிட்ட வந்து மாலையோட நிக்கான். என்னப் பாத்துட்டு அவன் மொகம் போன போக்கு இருக்கே. பேயப் பாத்தாக்கூட அப்படிப் போகாது. ‘யாருக்குலே மொட்டை?’ன்னு கேட்டேன். திருப்பதிக்குப் போனேன்னு சொன்னான். மாலை யாருக்குலேன்னு கேட்டேன். முதுகுக்குப் பின்னால மறைச்சான். எனக்குப் புரிஞ்சிருச்சு. மறுநாளே கெளம்பிட்டான். போற வரைக்கும் என் மொகத்த ஏறிட்டுப் பாக்கல.”

“மாமா, நான்...” என்றார் வைகுண்டராஜ். எந்த உறவில் மாமா என்று அவருக்கே தெரியாது. வாயில் வந்தது.

“ஒங்களக் கொற சொல்ல வரல. பூக்காரரு சொன்னாரு, கடல்ல எனக்குச் சோறு வச்சுட்டானாம். அத என்னைக்கோ காக்கா தின்னுருக்கும். அதுலருந்து இங்க பெத்தம்மா வைக்கிற சோறு எனக்குச் சேர மாட்டேங்கு. ஊர்லயும் அப்படித்தான். கல்யாண வீட்டுக்குப் போனா எவனும் ‘வாங்க’ன்னு மொத ஆளாக் கூப்பிடல. காரியம் முடிஞ்ச ஆளு எதுக்க வாரானேன்னு பாக்காங்க. அவனுக்கு ஒரு தந்தி எழுதுங்க. நான் சாகலைன்னு. என்ன ஒரு தடவ உயிரோட இருக்கிற ஆளாப் பாத்துட்டுப் போன்னு.”

வைகுண்டராஜ் தந்திப் பாரத்தை எடுத்து வைத்தார். ஃபாதர் என்று எழுதினார். அடுத்த சொல் வரவில்லை. கம் என்று எழுதினால் வர மாட்டான். ஸ்டார்ட் என்று எழுதினால் இந்த முறையாவது நிஜம்தான் என்று மறுபடியும் மாலை வாங்குவான். ஃபாதர் அலைவ் என்று எழுதிப் பார்த்தார். உயிரோடுதான் இருக்கிறார் என்பது அவன் கண்ணால் பார்த்துவிட்டுப் போன சங்கதி. அதைப் பார்த்ததால்தானே ஓடினான். பாரத்தைக் கசக்கிப் போட்டார்.

“அடுத்த வாரம் வாரேன்” என்று மாரிச்சாமி எழுந்து போனார்.

சொன்னபடி வந்தார். அதற்கடுத்த சந்தைக்கும் வந்தார். வருவார், உட்காருவார், ஒன்றும் கேட்க மாட்டார், வெயில் சாய்ந்ததும் போய்விடுவார். டீக்கடைக்காரர்கள் “அண்ணாச்சி, ஒங்க ஆளு வந்திருக்கு” என்று முதலில் கேலி பேசினார்கள். பிறகு கேலி நின்றுபோனது. எழுத வருகிறவர்கள் அந்தப் பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே எழுதி வாங்கிப் போனார்கள். சந்தை இல்லாத நாளிலும் பெஞ்சைப் பார்த்தால் அங்கே மழித்த முகம் ஒன்று இருப்பதாகவே வைகுண்டராஜுக்குத் தோன்றியது. வீட்டில் மனைவி பரிபூரணம் சாப்பாடு வைத்தால், எதிரே யாருக்கோ இலை போடாமல் விட்டதுபோலத் தவித்தார். “அவிய யாரு, எதுத்தாப்ல?” என்று அவர் ஒருநாள் கேட்டதும் அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். எதிரே யாருமில்லை.

மறுவருஷம் மழைக்காலத்துக்கு முன் ஒரு சந்தைக்கு மாரிச்சாமி வரவில்லை. பெஞ்சு சும்மா கிடந்தது. வைகுண்டராஜுக்கு அது இன்னும் பயமாக இருந்தது. மத்தியானம் பெத்தம்மாள் வந்தாள். உட்காரவில்லை.

“மறுபடியும் படுத்துட்டாரு அண்ணாச்சி. இந்தத் தடவ எந்திரிக்க மாட்டாருன்னு வைத்தியர் சொல்லிட்டாரு. தந்தி எழுதச் சொல்லி வரல. ஒங்ககிட்டச் சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன். தெனமும் ஒங்களத்தான் கேக்காரு.”

“என்னையா? என்னன்னு?”

“அண்ணாச்சிக்குச் சொல்லு கெடச்சிருச்சான்னு.”

வைகுண்டராஜ் பேனாவை மூடினார். மேசையை மடித்துப் பூக்கடைக்குள் தள்ளினார். வீட்டுக்கு ஆள் விட்டு ஒரு வேட்டியும் துண்டும் மட்டும் வரவழைத்துக்கொண்டார். மதுரைக்கு, அங்கிருந்து மெட்ராஸுக்கு, அங்கிருந்து பம்பாய் தாதருக்கு. அடுத்தவனைக் கிளம்பு கிளம்பு என்று எழுதியே வயிறு வளர்த்த மனிதர் அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தானே கிளம்பினார். வழி நெடுக அவருக்கு ஒரே ஒரு பயம்தான். போய்ச் சேர்ந்து திரும்புவதற்குள் அந்தத் தந்தி நிஜமாகிவிட்டால்?

தாராவியில் நம்மூர் ஆட்களைக் கேட்டுக் கேட்டுச் சந்து சந்தாக நுழைந்து போனார். மலைச்சாமி இட்லிக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். முடி நன்றாக வளர்ந்து நெற்றியில் விழுந்திருந்தது. வெள்ளை வேட்டியில் ஊர்க்காரர் ஒருவர் நிற்பதைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது. வைகுண்டராஜ் மூச்சு வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

“இருக்காரு. ஒங்க அய்யா உயிரோட இருக்காரு.”

மலைச்சாமி கழுவின கையைத் துடைக்கவில்லை. “நீங்க யாரு?”

“அந்தத் தந்திய எழுதுனவன். நீ மாலை வாங்குனப்பம் பக்கத்து மேசைல இருந்தவனும் நான்தான். அன்னைக்கே எந்திரிச்சு வந்து சொல்லிருக்கணும். வரல. அதுக்குத்தான் இப்பம் வந்திருக்கேன்.”

குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. மலைச்சாமி தரையைப் பார்த்துச் சொன்னான். “எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர? அவருக்கு நான் கடல்ல சோறு வச்சேன் அண்ணாச்சி. அவரு வாசல்ல ஒக்காந்து சிரிக்காரு. எம் மொகத்தப் பாத்துச் சிரிக்காரு. அந்த மாலைய எங்க கொண்டுபோய்ப் போடன்னு தெரியாம ஓடையில போட்டேன். இன்னும் அந்தப் பூவு வாடை என் கையில இருக்கு.”

“எனக்கும் அப்படித்தாம்ல. பெஞ்சக் கண்டா பயமா இருக்கு. வா, போவோம். ரெண்டு பேரும் போய் அவரு முன்னால நிப்போம்.”

அந்தப் பையன் வந்தான். ராஜபாளையத்தில் இறங்கியதும் மலைச்சாமியின் கால் பூக்கடை முன்னால் தானாக நின்றது. பூக்காரர் மேலும் கீழும் பார்த்தார். வைகுண்டராஜ் அவனைத் தோளைப் பிடித்துத் திருப்பிப் பழக்கடைக்கு இழுத்துப் போனார். ஆரஞ்சு வாங்கிப் பையை அவன் கையில் திணித்தார். விரல்களை அவரே மடக்கிப் பிடிக்க வைத்தார்.

தேவதானத்தில் தெரு திரும்புகிற வரைக்கும் அவருக்குக் காது முழுக்கச் சங்குச் சத்தம்தான். திரும்பினால் தெரு சும்மா இருந்தது. கோழி மேய்ந்துகொண்டிருந்தது. மாரிச்சாமி உள்ளே கட்டிலில் கிடந்தார். கண் பஞ்சடைத்துவிட்டது. மலைச்சாமி பக்கத்தில் மண்டியிட்டு “அய்யா” என்றான். கிழவர் கையைத் தூக்கித் தடவித் தடவி அவன் தலைக்குக் கொண்டுபோனார். முடிக்குள் விரலை விட்டார். அங்கேயே வைத்துக்கொண்டார்.

“முடி நல்லா மொளச்சிருச்சேலே” என்றார்.

ஒரு சுளை ஆரஞ்சைப் பெத்தம்மாள் பிழிந்து வாயில் விட்டாள். இறங்கியது. வைகுண்டராஜ் வாசலிலேயே நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுததை அந்தத் தெரு பார்த்தது, அவர் கவலைப்படவில்லை.

அந்த வாரத்துக்குள் மாரிச்சாமி போய்விட்டார். மலைச்சாமி இரண்டாவது முறையாக முடி இறக்கினான். பம்பாய்க்குத் திரும்பவில்லை; தகப்பன் நிலத்தோடு நின்றுகொண்டான்.

வைகுண்டராஜ் மறுபடியும் மேசை போட்டார். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் அவர் அதற்குப் பிறகு எழுதவே இல்லை. யாராவது கேட்டால், ஆள் அனுப்பச் சொல்லுவார். “கடுதாசி பொய் சொல்லும், மூஞ்சி சொல்லாது” என்பார். தொழில் படுத்துத்தான் போனது. சந்தை நாளில் பெஞ்சில் ஒரு ஓரமாக இடம் விட்டே வைத்திருந்தார். யாராவது அங்கே உட்காரப் போனால் “செத்த தள்ளி ஒக்காருங்க” என்று சொல்லிவிடுவார். மலைச்சாமியிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, மாரிச்சாமிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. ஆனாலும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நின்ற அந்த மத்தியானம் அவரை விடவில்லை. அது தீர்கிற கணக்கில்லை என்று அவருக்கே தெரியும்.

தொண்ணூறுகளில் எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. தந்தி ஆபீஸில் ஈ ஓட்டினார்கள். பூத்துக்குள்ளிருந்து “நெசத்தச் சொல்லு, அம்மா இருக்காளா இல்லையா?” என்று யாராவது கத்தும்போதெல்லாம் வைகுண்டராஜ் தலையைக் குனிந்துகொள்வார். ஒருநாள் மேசையை எடுத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டோடு இருந்துவிட்டார். பெஞ்சையும் பஸ்ஸில் போட்டுக் கொண்டுவந்தார். எதற்கு இந்தக் கழிசடை என்று பரிபூரணம் கேட்கக் கேட்க அதைத் தன் கட்டிலுக்கு எதிரே போட்டார்.

கடைசியில் அவரும் படுத்தார். மகள் தங்கபுஷ்பம் தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் போடுகிறேன் என்று பரிபூரணம் எழுந்தபோது அவர் அவள் கையைப் பிடித்தார்.

“போன் வேண்டாம். ஆள் அனுப்பு.”

யாரை அனுப்புவது என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தேவதானத்துக்குத் தகவல் போனது, மலைச்சாமி கட்டியிருந்த வேட்டியோடேயே தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினான்.

அவன் போன நேரத்திலிருந்து வைகுண்டராஜின் கண் பெஞ்சிலேயே இருந்தது. அங்கே மழித்த முகத்தோடு மாரிச்சாமி உட்கார்ந்திருந்தார். முன்பு மாதிரியே ஒன்றும் கேட்கவில்லை. அவரும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “வந்துருவாளா மாமா?” என்று வைகுண்டராஜ் முனகினார். பரிபூரணம் தன்னைக் கேட்பதாக நினைத்து “வந்துருவா, வந்துருவா” என்றாள்.

சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலில் மலைச்சாமி நிலையைத் தாண்டி விலகி நின்றான். பின்னால் தங்கபுஷ்பம் வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க வைகுண்டராஜுக்குத் தைரியம் வரவில்லை. அவர் முதலில் பார்த்தது அவள் கையைத்தான்.

கையில் ஆரஞ்சுப் பழம் இருந்தது.